கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தா: உங்களுக்கு என்ன கிடைச்சது?
(தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளா கப்பலில் வந்தவங்களோட வாரிசுகள் பேசுறது)

டோங்காட் பேத்தி:
வந்த ஒவ்வொருத்தருக்கும் கொடுத்த காலனி நம்பர் ஆயாவோட தகரப்பெட்டியிலேயே, அவங்க அப்பா இறப்புச் சான்றிதழில் இருந்தது. அதனால தேடுற கஷ்டம் எனக்கு அதிகம் இல்லை. மெட்ராஸிலிருந்து வந்த உம்லாசி கப்பல். பக்கத்தைத் திறந்தா ஆள் அப்படியே இருக்கார். வயசு 24, தகப்பன் பேர் சரி, ஜில்லா வட ஆற்காடு, அங்க அடையாளம் இடது கெண்டைக்காலில் தழும்பு. பனைமரத்திலிருந்து விழுந்ததுன்னு ஆயா நூறு தடவை சொன்ன அதே கால்! அழுதுட்டேன். கண்ணைத் துடைச்சிட்டு அடுத்த வரிக்குப் போனா, அதே ஊர், ஒரு பெண், வயசு 20, 'மனைவி'. அதுக்கும் கீழே ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. எங்க கொள்ளுப்பாட்டி இங்கே வெருலத்தில் பிறந்தவங்க. அப்போ இவங்க ரெண்டு பேரும் யாரு? மூணு மாசமா அந்த ரெண்டு வரிதான் கண்ணுல நிக்குது.

சாட்ஸ்வொர்த்காரன்:
'மனைவி'ன்னு எழுதியிருந்தா உடனே நம்பிடாதீங்க. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏத்தணும்னு சட்டம் இருந்தது. கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி ஆட்களைத் தங்க வெச்ச மெட்ராஸ் டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவங்க எத்தனையோ பேர்.

என் கதை சின்னது. எங்க குடும்பப்பேரான கோவெண்டர்னு அஞ்சு வருஷம் தேடினேன், அவர் வந்ததோ வெறும் முனுசாமியா. அவ்வளவுதான். புதுசா தேடுறவங்க குடும்பப்பேரை மறந்துடுங்க. ஆள் பேர், தகப்பன் பேர், சாதி, ஊர் எல்லாம் பட்டியலில் தனித்தனிக் கட்டம். பல வீட்டில் அப்பா பேரே பின்னாடி குடும்பப்பேராச்சு. எழுதின குமாஸ்தா காதுல விழுந்ததைத்தான் எழுதினான், அதனால கண்ணால தேடாம வாய்விட்டுப் படிங்க. முனுசாமி 'மூன்சாமி'யா இருப்பார். நம்பர் கிடைக்கலைன்னா கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு, வேலை செஞ்ச தோட்டத்தோட பேர், இப்படிப் பின்னாலிருந்து வாங்க. அப்புறம் தயவுசெஞ்சு எல்லாரும் முதல் கப்பலான ட்ரூரோவில் வந்தோம்னு சொல்றதை நிறுத்துங்க. 1860 நவம்பர் 16-ல் டர்பனுக்கு வந்த அந்தக் கப்பலில் இருந்தது 342 பேர். 1911 வரைக்கும் மொத்தம் வந்தவங்க ஒன்றரை லட்சத்துக்கு மேல!

மாரிட்ஸ்பர்க் அக்கா:
ஏன் தம்பி, டிப்போ ஜோடின்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஊர் எப்படி வரும்? குழந்தையும் டிப்போவில் கிடைச்சதா? மேலே எழுதினதைப் படிச்சிட்டுப் பேசுங்க.

நான் ஊரையே தேடிப் போனவ. செங்கல்பட்டுப் பக்கம் அந்தப் பேர்ல மூணு ஊர். மூணாவதில், திண்ணையில் இருந்த பெரியவர் எங்க தாத்தாவோட தகப்பன் பேரைக் கேட்டதும் "ஆமா, எங்க பங்காளி வகையறா"ன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மோர் வந்தது. பட்டியல் நகலை நீட்டினேன், அவர் கை நீட்டலை. "நிலத்துல பங்கு கேக்க வந்தியாம்மா?" என் ஓட்டைத் தமிழில் இல்லைங்க, இல்லைங்கன்னு சொல்றதுக்குள்ள மருமக வந்து அவரை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டா. கையில பாதி மோர். குடிக்கிறதா, வெச்சிட்டுக் கிளம்புறதான்னு தெரியாம எவ்வளவு நேரம் நின்னேனோ.

சாட்ஸ்வொர்த்காரன்:
ஒரே ஊர்ங்கிறதைக் கவனிக்கலை, மன்னிக்கணும் அக்கா. ஆனா ஒப்பந்தம் முடிஞ்சு, வருஷா வருஷம் 3 பவுன் வரி கட்ட முடியாம ஊருக்கே திரும்பினவங்களும் உண்டு. அந்தப் பெண்ணும் குழந்தையும் அப்படிப் போயிருக்கலாம். குழந்தைக்கும் தனி நம்பர் இருக்கும். அதை வெச்சுத் தேடுங்க.

டோங்காட் பேத்தி:
நம்பரை எழுதி வெச்சிருக்கேன். இன்னும் தேடலை. ஆயாவுக்கு இப்போ 91. "எங்கப்பா கிடைச்சாரா?"ன்னு கேட்டாங்க. தழும்பு வரைக்கும் படிச்சுக் காட்டினேன்.