காங், உருட்டுப் பந்து: நாலே நிமிஷத்தில் காலி செய்யும் நாய்க்கு எப்படி அடைத்துக் கொடுப்பது?

மாடிவீட்டுக்காரி:

வணக்கம். நாட்டு நாய், ஆண், 2 வயசு, 18 கிலோ, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சவன். சென்னையில மூணாவது மாடி ஃபிளாட். வார நாள்ல காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை தனியா இருப்பான். வீட்ல அசைவம் சமைக்கறதில்ல.

இப்ப கையில இருக்கறது ரெண்டு: சிவப்பு காங் (உள்ள தீனி அடைச்சுக் கொடுக்கற கூடான ரப்பர் பொம்மை), மீடியம் சைஸ். அப்புறம் ஓட்டையைத் திருகிச் சின்னதாவோ பெரிசாவோ வெச்சுக்கற கெட்டி பிளாஸ்டிக் பந்து.

காங்ல டிரை ஃபுட் போட்டுக் கொடுத்தா 4 நிமிஷத்துல காலி. தயிர் ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுக் கொடுத்தா பாதி தரையில உருகி ஓடுது, கால் மணி நேரத்துல எறும்பு வந்துடுது. பந்தை மூணு தடவை மூக்கால தள்ளிட்டு விட்டுட்டுப் போயிடறான். ஓட்டையைச் சின்னதா வெச்சாதான் ரொம்ப நேரம் விளையாடுவான்னு நினைச்சு இருக்கறதுலயே சின்ன அளவுலதான் வெச்சிருக்கேன்.

புதுசா இன்னொரு பொம்மை வாங்கணுமா, இல்ல இதையே சரியா பயன்படுத்த வழி இருக்கா?

ஈரமூக்கு:

வாங்க வேண்டியது ஒன்று உண்டு: இதே காங்கின் லார்ஜ் சைஸ். தயாரிப்பாளர்களின் அட்டவணையில் மீடியம் 7 முதல் 16 கிலோ வரை, லார்ஜ் 13 முதல் 30 கிலோ வரை. 18 கிலோ நாய்க்கு மீடியம் சிறியது. கோரைப்பல்லைத் தாண்டி முழுசாக வாய்க்குள் போகிற எந்தப் பொம்மையும் தொண்டையில் அடைக்கக்கூடும். நிறத்துக்கும் அர்த்தம் இருக்கிறது: சிவப்பு சாதாரணமாகக் கடிக்கும் நாய்க்கு, கறுப்பு பலமாகக் கடிப்பவற்றுக்கு, இளநீலமும் இளஞ்சிவப்பும் குட்டிக்கு. இவன் ரப்பரைப் பிய்க்காதவரை சிவப்பே போதும்.

நாலு நிமிஷத்தில் காலியாவது நாயின் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல. காங் உள்ளே வெறும் கூடு. தளர்வாகப் போட்ட டிரை ஃபுட் ஒருமுறை கவிழ்த்தாலே கொட்டிவிடும். ஈரமாகப் பிசைந்து அடைத்தால்தான் நாக்கை உள்ளே விட்டு நக்கி எடுக்க வேண்டிவரும். நேரம் பிடிப்பதே அப்படி நக்கி எடுப்பதில்தான்.

முதலில் பொம்மைக்குள் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்துகொள்ளுங்கள். அடித்துளையை விரலால் மூடி, வாய்வரை தண்ணீர் ஊற்றி, அதை மி.லி. கோடு போட்ட கப்பில் கொட்டினால் தெரிந்துவிடும்.

அசைவம் இல்லாத அடைப்பு: டிரை ஃபுட் 60 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 60 மி.லி. 20 நிமிஷம் ஊறியதும் கையால் மசித்து, உப்பில்லாமல் வேகவைத்த மஞ்சள் பூசணி 30 கிராம் சேருங்கள். உருண்டை பிடித்தால் நிற்கிற பதம் வேண்டும். தண்ணியாக இருந்தால் ஒரு பிடி குழைந்த சாதம் போட்டுப் பிசையுங்கள். கஞ்சிப்பசை இருக்கிறதால் உருகினாலும் ஓடாது.

அடைக்கும் வரிசை முக்கியம். சிறு துளையை உள்பக்கத்திலிருந்து ஒரு பச்சைக் கேரட் துண்டால் மூடுங்கள். அதன்மேல் நாய்க்கு மிகவும் பிடித்தது, வாசனையானது: உப்பில்லாத பனீர் இரண்டு துண்டு, அல்லது கெட்டித் தயிர் ஒரு ஸ்பூன். நடுவில் பிசைந்த கலவை. வாய்ப்பக்கம் மட்டும் உலர்ந்த டிரை ஃபுட் மணிகள் (தீனித் துண்டுகள்) பத்துப் பதினைந்து, உதிரியாக. எடுத்த உடனே ஏதோ கிடைக்கவேண்டும், கடைசிவரை இருப்பதற்குக் காரணமும் இருக்கவேண்டும்.

உங்கள் தயிர் உருகி ஓடியது, அது தனியாக உறைந்ததால். தயிரில் பெரும்பகுதி தண்ணீர். சென்னை வெயிலில் அதுதான் முதலில் வடியும். வெள்ளைத் துணியில் கட்டி 3 மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டு, அடிப்பகுதியில் மட்டும் வையுங்கள். மேலே கலவை மூடிபோல் நிற்கும்.

ஃப்ரீசரில் படுக்கவைக்காதீர்கள். ஒரு டம்ளருக்குள் வாய் மேலே பார்க்க நிறுத்தி, ஓர் இரவு. ஆனால் நாளைக்கே முழுசாக உறைந்ததைக் கொடுக்கவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் ஈரக் கலவை, உறையாமல். மிச்சமில்லாமல் முடித்தால் அடுத்து 2 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தது. அதையும் முடித்தால் முழு இரவு. எந்தப் படியில் பாதியில் விட்டுப் போகிறானோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

சிப்பிப்பாறை_ரசிகன்:

பந்து விஷயத்துல நேர் எதிராப் பண்ணிட்டீங்க மேடம். ஓட்டை சின்னதா இருந்தா நாய் ரொம்ப நேரம் விளையாடாது, சீக்கிரம் கைவிட்டுடும். தள்ளினா சாப்பாடு வரும்ங்கறதே அவனுக்கு இன்னும் தெரியாது. மூணு தடவை தள்ளியும் ஒண்ணும் விழலைன்னா அது அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை, அவ்வளவுதான். 1963ல கிளென் ஜென்சன்னு ஒருத்தர் எலிகளை வெச்சு ஒரு சோதனை பண்ணினார். பக்கத்துல கிண்ணத்துல தீனி சும்மா கிடந்தும், நெம்புகோலை அழுத்தித் தீனி எடுக்கறதை நிறைய எலி விரும்பிச்சு. அதுலயும் முன்னாடி அழுத்தி அழுத்திப் பலன் கண்ட எலிகளுக்குத்தான் அந்த விருப்பம் கூடுதலா இருந்துச்சு. முதல்ல பலன் கிடைச்சுப் பழகணும்.

அதனால ஓட்டையை முழுசாத் திறங்க. பந்துல டிரை ஃபுட் பாதிக்கு மேல போடாதீங்க. நிறைச்சா உள்ள புரளவே இடம் இருக்காது. உங்க கையால 10 தடவை உருட்டிப் பாருங்க. ஏழு எட்டு தடவையாவது ஒண்ணு விழணும். விழலைன்னா மணியோட சைஸ் ஓட்டைக்கு ஒத்துவரலைன்னு அர்த்தம். சின்ன மணி உள்ள உணவா மாத்துங்க. முதல் நாள் அவன் முன்னாடி உக்காந்து நீங்களே உருட்டிக் காட்டுங்க. ஒரு வாரம் நல்லா ஓடினப்புறம் கால் திருகு மூடுங்க.

எச்சில் பட்ட மணி ஊறி உப்பி ஓட்டையிலயே ஒட்டிக்கும். இதையும் கவனிக்காம விட்டா "பந்து பிடிக்கலை"ன்னு தப்பா முடிவு பண்ணிடுவோம். தினமும் கழுவி, உள்பக்கம் துளிகூட ஈரமில்லாமக் காயவிட்டுட்டுத்தான் அடுத்த தடவை நிரப்பணும்.

டைல்ஸ் தரையில கெட்டி பிளாஸ்டிக் உருளற சத்தம் கீழ் வீட்டுக்கு இடி மாதிரி கேக்கும். ஜமுக்காளத்தை இரட்டையா மடிச்சு விரிச்சுடுங்க. தேங்காய் நார் மிதியடி வேண்டாம், நாரைப் பிச்சு முழுங்குவான். கட்டில், பீரோ அடியில பழைய போர்வையைச் சுருட்டி அடைச்சுவிடுங்க. பந்து அதுக்கடியில போய் மாட்டிக்கிட்டா அவன் மரத்தைப் பிராண்ட ஆரம்பிப்பான்.

காசு செலவில்லாத ஒண்ணும் இருக்கு: பழைய பணியாரக் கல். ஒவ்வொரு குழியிலயும் அஞ்சு மணி டிரை ஃபுட் போட்டு மேல டென்னிஸ் பந்து வெச்சுடுங்க. பந்து கிட்டத்தட்ட 6.5 செ.மீ., குழிமேல நல்லா உக்காரும். மூக்கால தள்ளிட்டுச் சாப்பிடணும். இரும்புக் கல்லா இருந்தா நகராது. நான்ஸ்டிக் வேண்டாம், பூச்சு உரிஞ்சு வரும். நீங்க வீட்ல இருக்கும்போது மட்டும். டென்னிஸ் பந்தோட மேல்துணி கடிக்கக் கடிக்கப் பல்லைத் தேய்க்கும், தனியா இருந்தா பிச்சும் தின்னுடுவான்.

எறும்புக்கு: இனிப்பே சேர்க்காதீங்க. தேன், வெல்லம், வாழைப்பழம் மூணும் எறும்பைக் கூப்பிடும். தினமும் ஒரே இடத்துல கொடுத்து, முடிஞ்சதும் அந்த இடத்தை சோப்புத் தண்ணியால துடைங்க. வந்த எறும்போட வாசனைத் தடம் போனாத்தான் அடுத்தது வராது. எறும்பு சாக்பீஸ் கோடு மட்டும் போடாதீங்க, பாதத்துல ஒட்டி நக்கிடுவான்.

வெண்பூசணி:

மேலே சொன்னதெல்லாம் சரி. பாதுகாப்புப் பக்கம் சில விஷயங்கள் விட்டுப்போயின.

ஒரே ஒரு துளை மட்டும் உள்ள ரப்பர் பொம்மையைத் தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள். நாக்கை உள்ளே விட்டு நக்கும்போது காற்று வெளியேறி, திரும்பப் புக வழியில்லாமல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நாக்கு வீங்க வீங்கப் பிடி இறுகும். காங்கின் அடியில் சிறு துளை இருப்பது காற்றுக்காகவும்தான். அதனால் அதை அடைக்கக் கேரட் மாதிரி நக்கினாலோ தள்ளினாலோ விழுந்துவிடும் பொருள் மட்டும் போதும். தக்கை, களிமண் எதுவும் ஆகாது.

அளவுக் கணக்கு. உடல் எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள்: 18 கிலோவுக்கு 610. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 976 கலோரி. தின்பண்டமாகக் கொடுப்பது இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 98 கலோரிக்குள். எல்லாரும் காங்கில் அள்ளிப் பூசுகிற வேர்க்கடலை வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே ஏறத்தாழ 95 கலோரி! அன்றைய ஒதுக்கீடு அதிலேயே முடிந்துவிடும். கொழுப்பு மிகுந்தால் கணையம் வீங்கும் ஆபத்தும் உண்டு. ஈரமூக்கு சொன்ன 60 கிராம் டிரை ஃபுட் காலைத் தட்டிலிருந்து கழித்து எடுத்ததாக இருக்கவேண்டும், கூடுதலாக அல்ல.

வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சர்க்கரை இல்லாதது என்று போட்டதை எடுக்காதீர்கள். சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. கிலோ எடைக்கு 0.1 கிராம் போனாலே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். 18 கிலோவுக்கு 2 கிராம்கூட வேண்டாம். லேபிளில் பெயருக்குப் பதில் 967 என்ற எண்ணாகவும் இருக்கும். உலர்திராட்சை, திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எதையும் சேர்க்கக்கூடாது. தாளித்த தயிர்சாதம் மிச்சமிருக்கிறதே என்று அடைக்கத் தோன்றும். உப்பும் தாளிப்பும் இல்லாமல் தனியாகப் பிசைந்தால்தான் சரி.

கடினத்துக்கு ஒரு எளிய சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியவேண்டும். பதியாத கொம்பு, எலும்பு, நைலான் வகைகளைக் கடிக்கும்போது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பலகைபோல் பிளந்துவிடும். அந்தக் கெட்டி பிளாஸ்டிக் பந்து உருட்ட மட்டும்தான். கடிக்க ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் துளை போட்டுக் கொடுப்பதைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். மூடி, கழுத்து வளையம், லேபிள் மூன்றையும் நீக்கி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுங்கள். விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது.

மாடிவீட்டுக்காரி:

ரொம்ப நன்றி. லார்ஜ் வாங்கிட்டேன், அளந்தும் பாத்துட்டேன். பந்து ஓட்டையை முழுசாத் திறந்ததும் 20 நிமிஷம் உருட்டறான். இன்னும் ரெண்டு சந்தேகம். ஃப்ரீசர்ல தினமும் இடம் இருக்காது, அப்ப இட்லித் தட்டுல பூசிக் கொடுக்கலாமா? ரெண்டாவது: வீட்ல நாங்க இருக்கும்போது காங்கை முடிச்சுடறான், ஆனா வெளிய போகும்போது கொடுத்தா 1 மணிக்கு வரும்போது அப்படியே இருக்கு. நாங்க உள்ள வந்த அடுத்த நிமிஷம் திங்க ஆரம்பிக்கறான். ஏன்?

ஈரமூக்கு:

இட்லித் தட்டு அருமையான யோசனை. துளையில்லாத எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கம்பியிலிருந்து கழற்றி, குழிகளில் கலவையை வழித்துப் பூசுங்கள். ஃப்ரீசருக்குப் பதில் கீழே ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம் போதும். உறைந்த உலோகத்தில் ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. ஆனால் இது 10 நிமிஷ வேலை, 4 மணி நேரத்துக்கான தீர்வு ஆகாது. முழுசாக உறைந்த காங்கே அரைமணியை ஒட்டித்தான் தாங்கும். மீதி நேரம் அவன் தூங்கவேண்டும், அதுதான் இயல்பு. காலை 8 மணிக்கு முகர்ந்து முகர்ந்து போகவிட்டு அரைமணி நடத்திவிட்டு வந்தால் தூக்கம் தானாக வரும்.

ஈரமான கலவை தரையில் கிடந்தால் 2 மணி நேரத்துக்குமேல் கெடும், கோடையில் 1 மணி நேரம்தான். நீங்கள் 1 மணிக்கு வரும்போது மிச்சமிருந்தால் கொட்டிவிட்டு, பாட்டில் பிரஷ்ஷால் அடித்துளைவரை தேய்த்துக் கழுவுங்கள்.

வெண்பூசணி:

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆள் இருக்கும்போது சாப்பிட்டு, இல்லாதபோது தொடாமல், வந்ததும் சாப்பிடுகிற நாய்க்குச் சலிப்பு இல்லை, பயம் இருக்கிறது. பயந்த நாய்க்குப் பசி எடுக்காது. அடைப்பை எளிதாக்கியும் பயனில்லை.

பழைய போனில் வீடியோ ஓடவிட்டு, நீங்கள் கிளம்பிய முதல் 30 நிமிஷத்தைப் பாருங்கள். படுத்துத் தூங்கினால் கவலை குறைவு. மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, கதவருகே நடந்துகொண்டே இருப்பது, ஊளை, கதவைப் பிராண்டுவது: இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

இதற்கிடையில் காங்கைக் கிளம்பும் நேரத்தில் மட்டும் கொடுப்பதை நிறுத்துங்கள். தினமும் அப்படியே செய்தால் "காங் வந்தால் இவர்கள் போய்விடுவார்கள்" என்று பொம்மையே பிரிவுக்கு அடையாளமாகிவிடும். மாலையில், நீங்கள் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது கொடுங்கள். அவன் நக்கிக்கொண்டிருக்கையில் எழுந்து அடுத்த அறைக்குப் போய் 5 விநாடியில் திரும்புங்கள். நக்குவதை நிறுத்தாமல் இருந்தால் அடுத்த நாள் 10, பிறகு 30 விநாடி. தலையை நிமிர்த்திப் பின்னால் வந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். வாசற்கதவைத் திறந்து மூடுவதையும் சாவிச் சத்தத்தையும் தனித்தனியாகப் பிறகு சேர்க்கலாம், இரண்டையும் ஒரே நாளில் அல்ல.