மறு: மாற்றாளா, பதிலாளா? பேஸ்பால் கணக்குக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ்பாலில் எளிதில் கிடைக்கும் ஒரு சாதாரண ஆளைவிட ஓர் ஆட்டக்காரர் தன் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று சொல்லும் எண் 'வின்ஸ் அபவ் ரீப்ளேஸ்மென்ட்' (WAR). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் 'மாற்றாள் மேல் வெற்றி', 'கிடைப்பாள் உபரி வெற்றி', 'பதிலாள் மிகை வெற்றி'. இவை போக, ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே 'வார்' என்று எழுதிவிடலாம் என்றும் ஒரு கருத்து வந்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம். தமிழில் வார் என்றால் தோல்பட்டை, இல்லையென்றால் தலை வாருவது. பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி 'லூ விட்டேக்கரின் வார் 75' என்று எழுதினால் அவருடைய இடுப்பளவைச் சொல்கிறோம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தள்ளிவிடலாம்.

> ரீப்ளேஸ்மென்ட் என்றால் மாற்று. மாற்றாள் என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு?

அகராதியைப் புரட்டினால் மாற்றாள் என்பதற்குச் சக்களத்தி என்று பொருள் இருக்கிறது. மாற்றான் என்றால் பகைவன். இந்தச் சிரிப்பை ஒதுக்கி வைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 'மாற்று ஆட்டக்காரர்' என்றதும் பன்னிரண்டாவது ஆள் நினைவுக்கு வருவார். அணியில் இருப்பவர், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். பேஸ்பாலிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு சொல்லும் ஆள் அவரில்லை.

இவர் அணியிலேயே இல்லாதவர். கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருப்பார், அல்லது வேறோர் அணி விடுவித்திருக்கும். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, நாளைக்கே கூப்பிட்டால் வந்து ஆடக்கூடியவர். ஹோட்டலில் மாஸ்டர் வராத நாளில் தினக்கூலிக்குக் கூட்டிவரும் ஆள் மாதிரி. அன்றைக்கும் இட்லி வேகும், சாம்பார் கொதிக்கும், கடை திறந்திருக்கும். மாஸ்டரின் மதிப்பு என்ன என்று கேட்டால், இந்த ஆள் இருக்கும் நாளைவிட அவர் இருக்கும் நாளில் எவ்வளவு கூடுதலாக ஓடுகிறது என்பதுதான். கடையின் மொத்த வியாபாரமும் அவர் கணக்கில் சேராது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரிய லீக்கில் (மேஜர் லீக்) 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள், ஆக மொத்தம் 2,430 ஆட்டங்கள். முழுக்க முழுக்கப் பதிலாட்களை வைத்து ஓர் அணி அமைத்தால் 0.294 வெற்றி விகிதம், அதாவது 162-க்கு ஏறக்குறைய 48 வெற்றி கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 30 அணிகளுக்கு அந்த அடிமட்ட வெற்றிகளைக் கழித்தால் ஏறக்குறைய 1,000 வெற்றி மிஞ்சும். அந்த 1,000-ஐத்தான் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். புகழ்பெற்ற இரண்டு புள்ளிவிவர இணையதளங்கள் 2013 முதல் இந்த அடிமட்டத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே பதிலாள் என்பதே என் தேர்வு. 'பதிலாள் வைத்துவிட்டு லீவு எடு' என்று எல்லா ஊரிலும் சொல்கிறோம். வேலை நிற்காமல் ஓடவேண்டும், அதற்கு ஓர் ஆள், அவ்வளவுதான் என்ற தொனி அதில் தானாகவே இருக்கிறது.

> எளிதில் கிடைப்பவர் என்பதுதானே கருத்து? கிடைப்பாள் என்றால் நேரடியாக இருக்கும்.

'கிடைப்பாள்' என்று வினைமுற்றாகப் படித்துப் பாருங்கள். பெண் பார்க்கப் போன வீட்டுப் பேச்சு போல ஆகிவிடும். அது கிடக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. 'கிடைக்கிறவர்' என்று சொன்னால் யாருக்குக் கிடைக்கிறவர், யார் அனுமதித்ததால் கிடைக்கிறவர் என்ற கேள்வி மறைந்துபோகும்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டின் பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, உரிமையாளர்களுக்குள் ஒரு புரிந்துணர்வு, அவ்வளவே. 1930-களில் ஒரு வெள்ளையர் அணிக்குப் பிடிப்பவர் (கேட்சர்) காயம்பட்டால் 'கிடைக்கும்' ஆள் யார்? பிட்ஸ்பர்க் நகரிலேயே கறுப்பின லீக்கின் பிடிப்பவர் ஜோஷ் கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, எடுக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் காலத்து அடிமட்டம் உள்ளே விட்டவர்களை மட்டும் வைத்துப் போட்ட அடிமட்டம். கணக்கு அதைத் திருத்துவதில்லை; சொல்லாவது அதை மூடாமல் இருக்கட்டும்.

கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். 1972-இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பின லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தபோது, கிப்சனின் மட்டையடிச் சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பந்தை அடித்துத் தளமேறியது, என்ற விகிதம்) 0.372 என்று முதலிடத்துக்கு வந்தது. அதுவரை பழம்பெரும் ஆட்டக்காரர் டை காபின் 0.367 அங்கே உட்கார்ந்திருந்தது. இதை ஒட்டி 'ஆட்டங்கள் குறைவு, ஒப்பிட முடியாது' என்ற வாதம் இங்கேயும் எழுந்தது. சராசரிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் நாம் பேசும் அளவு கூட்டிச் சேர்ப்பது. குறுகிய பருவம் ஆடியவருக்கு இதில் எண் குறைந்துதான் வரும். குறைவான ஆட்டங்கள் கிப்சனுக்கு இங்கே சலுகை ஆகவில்லை, இழப்புதான் ஆயிற்று.

> உபரியோ மிகையோ, இரண்டும் ஒன்றுதானே.

இல்லை என்று நினைக்கிறேன். உபரி என்றால் தேவைக்குப் போக மிஞ்சியது. மிகை என்றால் சற்றே குறைகூறும் வாடை வருகிறது. அதைவிட, இந்த அளவு சுழியத்துக்குக் கீழேயும் போகும். பதிலாளைவிட மோசமாக ஆடுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். 'மிகை வெற்றி −1.2' என்றால் மிகையா, குறையா?

இதற்கு நம் கையிலேயே ஒரு சொல் இருக்கிறது. ஐபிஎல் புள்ளிப்பட்டியலில் நிகர ரன் ரேட் என்று எழுதுகிறோம். அது எதிர்க்குறியோடு வந்தாலும் யாரும் திகைப்பதில்லை. நிகர லாபம், நிகர எடை எல்லாமே கழிக்கவேண்டியதைக் கழித்த பிறகு நிற்பது. இங்கேயும் அதுதான் நடக்கிறது: ஆட்டக்காரர் தந்த மொத்தத்திலிருந்து பதிலாள் தந்திருக்கக்கூடியதைக் கழிக்கிறோம். என் பரிந்துரை 'பதிலாள் நிகர வெற்றி'. பேச்சில் 'நிகர வெற்றி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

> சொல்லை விடுங்கள். இந்த எண்ணால் யாருக்கு என்ன நன்மை? பழைய எண்களே போதாதா?

டெட்ராய்ட் அணியின் இரண்டாம் தளக் காவலர் லூ விட்டேக்கரைக் கேட்டால் தெரியும். 1977 முதல் 1995 வரை ஒரே அணி. 2,369 ஹிட், 244 ஹோம் ரன், 1,197 நடை (வீசியவர் நான்கு தவறான பந்து போட்டதால் முதல் தளத்துக்குப் போவது). 1984-இல் உலகத் தொடர் வென்ற அணியில் இருந்தவர். மட்டையடிச் சராசரி 0.276. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் அவரைக் கடந்துபோனார்கள் போலிருக்கிறது. 2001-இல் முதன்முறையாகப் புகழ் மன்றத் தேர்தல் பட்டியலில் பெயர் வந்தபோது அவருக்குக் கிடைத்தது 2.9 சதவீத வாக்கு. சேர 75 சதவீதம் வேண்டும், அடுத்த ஆண்டு பட்டியலில் நிற்கவே 5 சதவீதம் வேண்டும். ஒரே ஆண்டில் கதை முடிந்தது.

அவருடைய பதிலாள் நிகர வெற்றி ஏறக்குறைய 75. அவரோடு ஒரே நாளில் அறிமுகமாகி, பக்கத்திலேயே நின்று 1,918 ஆட்டங்கள் ஆடிய ஆலன் டிராமலுக்கு 70-ஐ ஒட்டி வருகிறது. அதே அணியின் பந்துவீச்சாளர் ஜாக் மோரிஸுக்கு 45-ஐத் தொடவில்லை. டிராமலும் மோரிஸும் 2018-இல் புகழ் மன்றத்துக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே, 40-ஐக்கூட எட்டாத ஹெரால்ட் பெயின்ஸும் போனார். 2019 டிசம்பரில் புகழ் மன்றத்தின் 16 பேர் குழு விட்டேக்கரைப் பரிசீலித்தது. 12 வாக்கு வேண்டிய இடத்தில் 6 கிடைத்தது. பாபி கிரிச் கதையும் இதேதான்: அவரும் இரண்டாம் தளக் காவலர், நிகர வெற்றி 71 அளவில், 1992-இல் 2.6 சதவீதம், முதல் ஆண்டிலேயே வெளியே.

இருவரும் ஒரே இடத்தில் நின்றவர்கள் என்பது தற்செயல் இல்லை. இரண்டாம் தளத்தில் நிற்பவரிடம் முதல் தளக்காரரின் அடியை எதிர்பார்த்து, அது இல்லையென்று குறைத்துவிடுகிறோம். நிகர வெற்றியில் நிற்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கடினமான இடத்துக்குச் சில ரன்கள் கூடும், எளிதான இடத்துக்குக் குறையும். பிறகு ஏறக்குறைய பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று மாற்றுகிறார்கள். ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும்: விட்டேக்கர் காலத்துக் களத்தடுப்பு எண்கள் இன்றைய கேமராக்கள் அளந்தவை அல்ல, பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்து மதிப்பிட்டவை. ஆகவே 75-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து விட்டேக்கர் டிராமலைவிடச் சிறந்தவர் என்று சண்டைக்குப் போகமாட்டேன். 75-க்கும் பெயின்ஸின் 39-க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் போவேன்.

> அப்படியானால் 'தளமேறு விகிதம்' என்ற சொல்லையும் இதோடு முடிவு செய்யலாமா?

எனக்குச் சம்மதம், நல்ல சொல். ஹிட், நடை, உடலில் பந்து படுவது, எப்படியானாலும் ஆள் தளமேறினாரா என்பதுதான் கேள்வி. மட்டையடிச் சராசரியில் நடைக்கு இடமே இல்லை. பேஸ்பாலின் ஆரம்பக்காலக் கணக்குப்பிள்ளை ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதியவர். நடை என்பது வீசியவரின் பிழை, அதில் அடிப்பவருக்கு என்ன பெருமை என்பது அவர் எண்ணம். தளமேறு விகிதம் அதிகாரபூர்வ எண்ணாக ஆகவே 1984 ஆனது.

அதற்குள் எடி யோஸ்ட் போன்றவர்கள் ஆடி முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். யோஸ்டின் சராசரி 0.254, கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 1,614 நடை வாங்கிய மனிதர், தளமேறு விகிதம் 0.394. டிம் ரெய்ன்ஸையும் டோனி குவினையும் வைத்துப் பாருங்கள். குவினுக்கு 3,141 ஹிட், ரெய்ன்ஸுக்கு 2,605. ஆனால் நடையையும் உடலில் பட்டதையும் சேர்த்தால் குவின் தளமேறியது 3,955 முறை, ரெய்ன்ஸ் 3,977 முறை. போதாததற்கு ரெய்ன்ஸ் 808 தளம் திருடியவர், அதாவது அடுத்தவர் அடிக்கும்முன்பே ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தவர். குவின் 2007-இல் முதல் முயற்சியிலேயே 97.6 சதவீதம். ரெய்ன்ஸ் மறு ஆண்டு 24.3 சதவீதத்தில் தொடங்கி, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில் 2017-இல்தான் நுழைந்தார். அவரையாவது சேர்த்தார்கள்.

> துடுப்பாட்டக்காரருக்கு உங்கள் 'நிகர வெற்றி' சரி. பந்துவீச்சாளருக்கு என்ன செய்வீர்கள்? டிக்ராம் 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வி. நிகர வெற்றி 1 என்றல்லவோ விளங்கிக்கொள்வோம்?

இலங்கை நண்பரின் இந்தக் கேள்விதான் இழையிலேயே கூர்மையானது. பேஸ்பாலில் பந்துவீச்சாளர் பெயரிலேயே வெற்றி தோல்வி எழுதும் பழக்கம் உண்டு, அங்கே 'நிகர வெற்றி' என்று தனியாக விட்டால் குழப்பம்தான். ஜேக்கப் டிக்ராம் அந்த ஆண்டு, களத்தடுப்புப் பிழையால் வந்தவை போக, ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70 ரன் மட்டுமே கொடுத்தவர். அவர் அணி ரன் எடுக்கவில்லை, அதனால் 10-9. சிறந்த பந்துவீச்சாளர் விருதைத் தடுக்க அந்த 10-9-ஆல் முடியவில்லை. 2010-இல் 13-12 வைத்திருந்த பெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கும் விருது கொடுத்திருந்தார்கள். வாக்களிப்பவர்கள் எங்கோ மாறியிருக்கிறார்கள்.

ஆகவே பந்துவீச்சாளருக்குச் சுருக்கம் வேண்டாம். 'பதிலாள் நிகர வெற்றி' என்று முழுமையாகவே எழுதுவோம். எந்த இணையதளத்தின் எண் என்பதையும் பக்கத்தில் குறிக்கவேண்டும், ஏனென்றால் ஒன்று கொடுத்த ரன்களை வைத்துக் கணக்கிடுகிறது, மற்றொன்று ஸ்ட்ரைக்அவுட், நடை, ஹோம் ரன் ஆகியவற்றை வைத்து. ஒரே ஆளுக்கு இரண்டு எண் வரும்.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

பதிலாள் நிகர வெற்றி: குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கூப்பிடக்கூடிய பதிலாளை வைத்து ஆடியிருந்தால் கிடைத்திருக்கும் வெற்றியைக் கழித்து, ஓர் ஆட்டக்காரர் தன் அணிக்குத் தந்த வெற்றி. எதிர்மறையாகவும் வரும்.

'நடை' என்பதற்கு 'இலவச நடை' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலவசம் வேண்டாம். நான்கு தவறான பந்துகளைத் தொடாமல் பொறுத்து நின்று வாங்குவது அது.