புதுப்பிப்பு: ஜோ டிமாஜியோவின் அப்பா

போன வாரம் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவின் அப்பா ஜுசெப்பே பற்றி எழுதியிருந்தேன். சிசிலியிலிருந்து கலிபோர்னியா வந்த மீனவர். மீன் நாற்றம் பிடிக்காமல் படகுக்கு வராத மகனைச் சோம்பேறி என்று திட்டியவர். அதில் ஒரு பிழை: ஜோவை மூத்த மகன் என்று எழுதிவிட்டேன். ஒன்பது பிள்ளைகளில் அவர் எட்டாவது. சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.

சரி, “அந்த அப்பா அப்புறம் என்ன ஆனார்?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1941இல் ஜோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை எட்டுவது) அடித்தார். நாடே கொண்டாடியது. அந்த டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது; இத்தாலி எதிரி நாடானது. குடியுரிமை வாங்காத சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்களோடு ஜுசெப்பேயும் “எதிரி நாட்டு அந்நியர்” ஆனார். படகைப் பறித்தார்கள். வீட்டிலிருந்து ஐந்து மைல் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சான்பிரான்சிஸ்கோ மீன்துறைமுகப் பக்கமே போகக்கூடாது. மகனின் உணவகம் இருந்ததும் அங்கேதான்! நாற்பது வருடம் கடலில் உழைத்த கிழவருக்கு அதைவிட என்ன தண்டனை?

1942 அக்டோபரில் இத்தாலியர்கள் மீதான அந்த முத்திரை நீங்கியது. அடுத்த பிப்ரவரியில் ஜோவே ராணுவத்தில் சேர்ந்தார். ஜுசெப்பேக்குக் குடியுரிமை கிடைத்தது 1945இல்தான். 1949இல் காலமானார்.

மகன்களில் வின்ஸ், ஜோ, டோம் என மூன்று பேர் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஆடினார்கள். மீன் பிடிக்க வராத பையன்கள்தான்.