மறு: சென்டிபானுக்குத் தமிழ்ச் சொல் (வியாழன் மாலைக்குள் வேண்டும்)

அஸ்தம்பட்டி:
வணக்கம். கோடைச் செஸ் முகாமுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழ்வழி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ‘அந்தக் காலத்துச் சாம்பியன்கள் இன்றைய எஞ்சினோடு மோதினால்?’ என்ற பக்கத்தில் (எஞ்சின் என்பது செஸ் ஆடும் கணினி நிரல்) ‘ஆவரேஜ் சென்டிபான் லாஸ்’ மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. ஒரு சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்கு சென்டிபான். ஆடுமுன் எஞ்சின் மதிப்பு +0.40, ஆடியபின் -0.10 என்றால் அந்த நகர்த்தலில் இழப்பு 50. எல்லாவற்றையும் கூட்டி, நகர்த்தல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

ஓமலூர்:
சிப்பாய்க்குக் காலாள் என்றும் பெயர் இருப்பதால் ‘நூற்றுக்காலாள்’ என்று யாராவது தொடங்குமுன் தடுத்துவிடுகிறேன். நூற்றுவர் என்றால் நூறு பேர். நூற்றுக்கால் மண்டபத்தில் தூண் நூறு. நூறில் ஒன்று என்ற பொருள் அதில் ஏறாது. நமக்குக் கீழ்வாயிலக்கம் (ஒன்றுக்குக் கீழான பின்னங்களின் பழைய பெயர்கள்) எதற்கு இருக்கிறது? காணி 1/80, முந்திரி 1/320. ‘காலாட்காணி’ என்போம். ‘கால்’ என்பதே நான்கில் ஒன்று. நால்வகைப் படையில் காலாள் ஒரு வகை. இந்தப் பொருத்தம் தற்செயலா என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்காடு:
தற்செயல்தான் ஐயா. நடந்து போகிறவன் காலாள், அவ்வளவே. காணி என்றால் கணக்கும் கெடும்: 20 சென்டிபான் 16 காணியாகிவிடும்.

அதைவிட, பெயரில் காலாளோ சிப்பாயோ இருப்பதே இப்போது பிழை. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் 15.1 பதிப்பு (2022) முதல் +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருளில்லை. சமபலமுள்ள எதிராளியை வெல்ல 50% வாய்ப்பு என்று பொருள். அதனால் அட்டவணையில் எஞ்சினின் பெயர், பதிப்பு, தேடல் ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) மூன்றையும் போடுங்கள். 2006-இல் கைட், பிராட்கோ என்ற ஆய்வாளர்கள் உலகப் பட்டப் போட்டி ஆட்டங்களை அளந்தபோது கிராஃப்டி எஞ்சின், 12 அரைநகர்த்தல் (ஒருவர் ஒருமுறை ஆடுவது ஓர் அரைநகர்த்தல்) ஆழம். 12-ஆம் நகர்த்தலிலிருந்துதான் கணக்கு, ஏனென்றால் அதற்கு முந்தையது பெரும்பாலும் மனப்பாடம். அதில் பழைய உலகச் சாம்பியன் கபபிளாங்காவுக்குத்தான் மிகக் குறைந்த இழப்பு. ‘அப்படியானால் அவர் எஞ்சினைச் சமாளிப்பார்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஆட்டத்தை எளிமையாக்கி ஆடுபவர். எளிய நிலையில் இழப்பும் குறையும். இன்னொரு சாம்பியன் தால் வேண்டுமென்றே குழப்புவார், எண் ஏறும். எதிரே இருந்த மனிதர் அதைவிடக் குழம்பினார் என்பது இந்த எண்ணில் தெரியாது.

ஒரு நகர்த்தலின் இழப்புக்கு உச்சவரம்பும் வேண்டும். 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் எஞ்சினிடம் உலகச் சாம்பியன் கிராம்னிக் 34-ஆம் நகர்த்தலில் ஒரே அடியில் மேட் வாங்கினார். மேட்டுக்கு என்ன எண் போடுவீர்கள்? 1000 என்று நிறுத்தினால்கூட அந்த ஒரு நகர்த்தல் ஆட்டத்தின் சராசரியில் சுமார் 29 ஏற்றிவிடும்.

ஆத்தூர்:
ஏற்காட்டார் சொல்வது சரி. சொல்லில் அளவு வேண்டாம், செயல் போதும்: நகர்விழப்பு (நகர்வு + இழப்பு). சராசரி நகர்விழப்பு. அலகு கேட்கும் பிள்ளைக்கு ‘ஒரு சிப்பாய் ஒரு ரூபாய், இது பைசாக் கணக்கு’ என்று சொல்லிவிடலாம்.

ஓமலூர்:
பைசாவா! காசு என்றாவது சொல்லக்கூடாதா? சிப்பாயே பாரசீகத்திலிருந்து வந்தவன். அது கிடக்கட்டும், ‘வு’ முற்றியலுகரம். அது எப்படிக் கெடும்?

ஆத்தூர்:
கதவு + அழகு = கதவழகு. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்; உங்களுக்குத் தெரியாததா? சந்தி பேசினால் ‘ஏரி + காடு’ ஏற்காடானது எப்படி என்றும் பேச வேண்டி வரும்.

ஏற்காடு:
அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே வேண்டாம். பைசாவும் இன்றைய ஸ்டாக்ஃபிஷுக்குப் பொருந்தாது. ‘புள்ளி’ என்றே விடலாம்.

அஸ்தம்பட்டி:
புள்ளி ஆகாதுங்க. போட்டியில் வெற்றிக்கு 1, டிராவுக்கு ½, அதைத்தான் பசங்க புள்ளி என்கிறார்கள். ‘கபபிளாங்கா 20 புள்ளி இழந்தார்’ என்று எழுதினால் இருபது ஆட்டம் தோற்றார் என்று நினைப்பான். மனிதர் 1916 முதல் 1924 வரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

ஆத்தூர்:
நாள் முடிகிறது. நகர்விழப்புக்கு மூவர் சரி என்கிறோம். அலகைப் பெயரில்லாமல் வெறும் எண்ணாக விடுங்கள். முதல் முறை வருமிடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘சென்டிபான்’.

அஸ்தம்பட்டி:
அப்படியே அனுப்புகிறேன். ஸ்டாக்ஃபிஷ் 16, ஆழம் 20, 12-ஆம் நகர்த்தல் முதல், வரம்பு 1000 என்று அட்டவணைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

ஓமலூர்:
அச்சானாலும் என் மறுப்பு மறுப்புதான். நகர்வு தன்வினை, காய் தானாக நகர்ந்ததுபோல் இருக்கிறது. தவறு செய்தது ஆட்டக்காரன், ஆகவே பிறவினை வேண்டும்: நகர்த்திழப்பு. கட்டத்தில் இடம் போதாது என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.