உச்சிப்புளி – ராமநாதபுரம் தினமும் ரோட் சைக்கிள்: எந்தச் சாமானை முதலில் வாங்கலாம்?

உச்சிப்புளி700 கேட்டது:

வணக்கம். உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போக வர சைக்கிள்தான். காலை 6 மணிக்குக் கிளம்பணும், திரும்பும்போது இருட்டிவிடும். ஞாயிறு மட்டும் பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை.

வண்டி: அலுமினிய ஃபிரேம், வளைந்த ஹேண்டில்பார், 8 ஸ்பீடு, ரிம் பிரேக், 700×28 டயர், பிரெஸ்டா வால்வு (நுனியில் சிறு திருகு உள்ள ஒல்லி வால்வு) டியூப். கைவசம் 6,000 ரூபாய். இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிற லிஸ்ட்: போன் ஹோல்டர், ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹாரனும் லைட்டும் சேர்ந்த செட், ஜெல் சீட் கவர், ஸ்பீடு மீட்டர், சார்ஜ் போடுகிற குட்டி பம்ப்.

வாரத்துக்கு ஒரு பஞ்சர் ஆகிறது. தனுஷ்கோடி போய் வந்து இரண்டு நாள் விட்டால் செயின் சிவந்துவிடுகிறது. லிஸ்டில் எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

வேலிக்கருவை எழுதியது:

வாரம் ஒரு பஞ்சர்னு சொல்றீங்க, லிஸ்ட்ல டயரே இல்லையே! 6,000-ல பாதிக்கு மேல டயருக்குப் போனாலும் தப்பில்ல. மிச்சத்துலதான் மத்ததெல்லாம்.

நம்ம பக்கம் பஞ்சர்னா பெரும்பாலும் கருவை முள்தான். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டின கட்டையை டிராக்டர்ல ஏத்திட்டுப் போகும்போது சிறு கொப்பு உதிரும். அதை லாரி ஏறி நொறுக்கும். காத்தும் மழைத்தண்ணியும் சேர்ந்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுக்கிவிடும். சைக்கிள்காரங்க ஒதுங்கி ஓட்டுற இடமும் அதேதான். கோட்டுக்கு உள்பக்கமா ஒரு முழம் தள்ளி ஓட்டுங்க, காசில்லாமலே பஞ்சர் குறையும்.

டயர் வாங்கும்போது "பஞ்சர் பெல்ட் உண்டு"ங்கிற எழுத்தை மட்டும் நம்பாதீங்க. பெல்ட்ல ரெண்டு ரகம். ஒண்ணு நெய்த துணி மாதிரி மெல்லிசா இருக்கும். கண்ணாடிச் சில்லு வந்தா தடுக்கும். முள் ஊசி மாதிரி இழையை விலக்கிட்டு உள்ளே போயிரும். இன்னொண்ணு ரப்பர் மெத்தை. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர்ல இது 5 மி.மீ. கனம். முள்ளோட நீளம் அந்த மெத்தைக்குள்ளேயே முடிஞ்சிரும். நமக்கு வேண்டியது இந்த ரகம்தான். எடை கூடும், உருட்டுறதுக்கும் கொஞ்சம் கனமா இருக்கும். வேலைக்குப் போற வண்டிக்கு அது பெரிய விஷயமில்ல. வாங்குறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற டயருக்கும் பிரேக் வளைவுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க. இந்த டயர் உயரமா நிக்கும், 4 மி.மீ.யாவது இடைவெளி வேணும்.

அது பட்ஜெட்டுக்கு மேல போனா, டயருக்கும் டியூபுக்கும் நடுவுல போடுற பிளாஸ்டிக் பட்டை இருக்கு. அதுல ஒரு கோளாறு: பட்டையோட வெட்டின முனை டியூபைத் தேய்ச்சுத் தேய்ச்சு அதுவே ஓட்டை போடும். முனையை உப்புத்தாளால தேய்ச்சுச் சரிவாக்கி, வட்டமா வெட்டி, டியூப் மேல டால்கம் பவுடர் தூவிப் போடுங்க.

பஞ்சர் ஆனா டியூபை மாத்துறதோட நிக்காதீங்க. முள்ளோட நுனி உடைஞ்சு டயருக்குள்ளேயே நிக்கும். விரலுக்குத் தட்டுப்படாது. பஞ்சை டயர் உள்பக்கம் சுத்தி ஓட்டினா நூல் எங்க மாட்டுதோ அங்க இருக்கும் நுனி. முள்வாங்கியால உள்பக்கமா இழுத்து எடுங்க. "புது டியூப் போட்டேன், மறுநாளே இறங்கிருச்சு"ங்கிறதுல பாதிக்குக் காரணம் இதுதான். இன்னொண்ணு, ஓடிட்டிருக்கும்போது முள் குத்தி நிக்கிறதைப் பாத்தா, காத்து இறங்காம இருக்கிற வரைக்கும் பிடுங்காதீங்க. முள்ளே அடைப்பா நிக்கும். வீட்டுக்கு வந்து பிடுங்குங்க.

பையில இருக்க வேண்டியது: டியூப் 2 (700×25–32, வால்வு 48 மி.மீ.), பிளாஸ்டிக் டயர் லீவர் 2, உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், முள்வாங்கி, பழைய டயர்ல வெட்டின 5 செ.மீ. துண்டு ஒண்ணு. டயர் கிழிஞ்சா அந்தத் துண்டை உள்ளே வெச்சு ஓட்டலாம். பசை தடவாம ஒட்டுற ஸ்டிக்கர் பேட்ச் வேணாம், நம்ம வெயிலுக்குப் பசை இளகி ஓரம் தூக்கிரும். சொல்யூஷன் தடவினா 5 நிமிஷம் காயவிட்டு, தொட்டா ஒட்டாத பதத்துல பேட்ச் வைங்க. ஈரமா வெச்சா நிக்காது.

அப்புறம் அந்தச் சின்னப் பித்தளை அடாப்டர். பிரெஸ்டா வால்வுல திருகினா பைக் டியூப் வால்வு மாதிரி ஆயிரும், எந்தப் பஞ்சர் கடையிலயும் காத்து அடிக்கலாம். வால்விலேயே மாட்டி விட்டுடாதீங்க, உப்புக்காத்துல பச்சை பிடிச்சு இறுகிரும். பையில போடுங்க. கம்ப்ரஸர்ல அடிக்கும்போது அரை நொடி அரை நொடியா விடுங்க. லாரி டயருக்கு விடுற மாதிரி விட்டா 28 டயர் வெடிச்சிரும்.

உப்பளக்காற்று எழுதியது:

டயரைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செயினுக்கு வருகிறேன்.

தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். வண்டியில் படிவது உப்பும் நைஸ் மணலும் சேர்ந்த பூச்சு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் வண்டி நிழலில் நின்றாலும் துரு ஏறும். இதற்கு விலை உயர்ந்த எண்ணெய் மருந்தில்லை. அன்றைக்கே ஒரு வாளி நல்ல தண்ணீர் வேண்டும். நம்மூர்க் கிணறு பல இடத்தில் உவர், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். மக்கில் மொண்டு ஊற்றுங்கள் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும்.

கழுவிய பின் பழைய துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்பக்கமாக 20 சுற்று சுற்றுங்கள். அரை மணி நேரம் காயட்டும். அப்புறம் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, உள்பக்கத்திலிருந்து. 10 நிமிடம் ஊறவிட்டு, வெளியே தெரிகிற எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்குள்ளே. வெளியே நிற்பது மணலைப் பிடித்து வைத்து அரைக்கும், அவ்வளவுதான்.

எந்த எண்ணெய்? ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட் லூப் (மழையில் சீக்கிரம் கழுவிப் போகாத செயின் எண்ணெய்). மற்ற மாதங்களில் சொட்டு மெழுகு ரகம், ஆனால் 200 கி.மீ.க்கு ஒரு முறை மறுபடி விடணும், நனைந்தால் அன்றே விடணும். பைக் செயின் ஸ்ப்ரே பிசுபிசுப்பானது, இந்த மணலுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். டபிள்யூ.டி.-40 தண்ணீரை விரட்டும், அதன் மேல் எண்ணெய் விடாமல் ஓட்டக்கூடாது. மண்ணெண்ணெயில் செயினைக் கழுவலாம். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம், 1 அடி ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் புதுச் செயின் வாங்கி வையுங்கள். 1/8 தள்ளினால் பின் பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கும். கூடவே ஒரு 8 ஸ்பீடு குயிக் லிங்க் (செயினின் இரு முனையையும் பூட்டுகிற இணைப்பு). 9 ஸ்பீடுக்கானது அகலம் குறைவு, பூட்டாது.

இன்னொரு வேலை, யாரும் செய்வதில்லை. சீட் போஸ்ட், பாட்டில் கூடு போல்ட், பெடல் மரை மூன்றையும் இப்போதே கழற்றி கிரீஸ் தடவிப் போடுங்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் இருந்து, நடுவே உப்பு ஈரமும் புகுந்தால் இரண்டும் அரித்து ஒன்றாகிவிடும். பாட்டில் கூடு போல்டை முறித்து எடுப்பதற்குள் ஃபிரேம் மரையே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். இடது பெடல் எதிர்த்திருகு, மறந்துவிடாதீர்கள்.

ரிம் பிரேக் கட்டையில் மணல் பதிந்திருக்கும். 'கரகர'வென்று சத்தம் வந்தால் சக்கரத்தைக் கழற்றி ஊசியால் நோண்டி எடுங்கள், விட்டால் ரிம்மில் கோடு விழும். கேபிள் மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் இன்னர் (உள்கம்பி) கேட்டு வாங்குங்கள்.

கச்சான் எழுதியது:

லைட் விஷயத்துல ஒரு கணக்கு இருக்கு. காலையில நீங்க மேற்கே போறீங்க, சூரியன் உங்க முதுகுப் பக்கம். எதிர்ல ராமேஸ்வரம் போற வேன்காரருக்கு அது கண்ணுக்கு நேரே. அவர் முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ண வலப்பக்கம் ஏறினா, வெயில் கூச்சத்துல உங்களைப் பாக்கவே மாட்டார். சாயங்காலம் நீங்க கிழக்கே திரும்பும்போதும் அதே கதை: எதிர்ல மேற்கே வர்றவருக்குத்தான் கண் கூசும். அதனால பகல்லயும் முன்னாடி வெள்ளை லைட்டை மினுக்கல்ல போடுங்க. எல்லாரும் பின் லைட்டைத்தான் யோசிப்பாங்க. உங்க நேரத்துக்கு முன் லைட்டும் அதே அளவு முக்கியம்.

இருட்டுனதும் மினுக்கலை நிறுத்திட்டு நிலையா எரியணும். 300–400 லூமன் (வெளிச்ச அளவு) தாராளம். லூமனைவிட வெளிச்சத்தோட வடிவம் முக்கியம்: பைக் ஹெட்லைட் மாதிரி மேல் விளிம்பு வெட்டின பீம் வாங்குங்க. ஹாரன் சேர்ந்த செட்டுல பெரும்பாலும் வட்ட பீம்தான், பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகும், மீதி எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகும். பின்னாடி சிவப்பு ரெண்டு: ஒண்ணு நிலையா, ஒண்ணு மினுக்கி. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ரெண்டு கணுக்காலிலயும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்க, மேலும் கீழும் ஆடுறதைப் பாத்தாலே மிதிக்கிற ஆளுன்னு தெரியும்.

லைட்டோட டைப்-சி ஓட்டையில உப்பு ஏறினா பச்சை பிடிச்சு சார்ஜ் ஏறாது. ரப்பர் மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஈரமா இருக்கும்போது சார்ஜ் போடாதீங்க.

கண்ணாடி லிஸ்ட்ல இல்ல. வலப்பக்க ஹேண்டில்பார் முனையில செருகுற குவிகண்ணாடி ஒண்ணு சேர்த்துக்குங்க. பாம்பன் பாலத்துல அது இல்லாம போகாதீங்க. பழைய ரயில் பாலத்துல காத்து 58 கி.மீ. வேகம் தாண்டினா ரயிலையே நிறுத்துற சிக்னல் இருந்துச்சு. பக்கத்து ரோட்டுப் பாலத்துலயும் அதே காத்துதான். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல ராமேஸ்வரம் பக்கம் போறப்ப காத்து வலப்பக்கம் இருந்து தள்ளும், நீங்க உங்களை அறியாம வலப்பக்கம் சாஞ்சு ஓட்டுவீங்க. அந்த நேரம் பஸ் ஓவர்டேக் பண்ணா காத்து பொசுக்குனு நின்னுரும், சாஞ்ச வேகத்துல பஸ் பக்கமே இழுக்கும். கண்ணாடியில பஸ்ஸைப் பாத்ததும் சாய்வைக் குறைச்சு, முழங்கையை இளக்கி, கீழ் வளைவைப் பிடிங்க. திரும்பும்போது காத்து இடப்பக்கம், அது உங்களை ரோட்டு நடுவுக்குத் தள்ளும். பாலத்து இரும்பு இணைப்புகளை நேரா தாண்டுங்க. நனைஞ்சிருந்தா அது மேல பிரேக் பிடிக்காதீங்க.

முன்னாடி ஹேண்டில்பார்ல பை மாட்ட வேணாம், காத்துல திருப்பிவிடும். சீட்டுக்கு அடியில சின்னப் பை போதும்.

ஸ்பீக்கர் வேணவே வேணாம், பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் கேக்கணும். ஜெல் கவரும் வழுக்கிட்டு நகரும். சீட் உயரத்தைச் சரி பண்ணாலே பாதி வலி போயிரும். போன் வெயில்ல சூடாகி மங்கிரும், வழி தெரிஞ்ச ரோட்டுல எதுக்கு? சி.ஆர். 2032 பேட்டரி போடுற சாதா மீட்டர் வாங்கி, சக்கரச் சுற்றளவு 2136 மி.மீ.னு போடுங்க, 700×28-க்கு அதான் கணக்கு. பேட்டரி தொடுற தகட்டுல துளி வாஸ்லின் தடவுங்க, துரு ஏறாது.

உச்சிப்புளி700 எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஸ்பீக்கர், ஜெல் கவர், ஹோல்டர் மூன்றையும் அடித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். சார்ஜ் பம்ப் வாங்கலாமா, கைப் பம்ப்தானா? டியூபுக்குள் பஞ்சர் திரவம் ஊற்றினால் அந்தக் கனமான டயர் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

வேலிக்கருவை எழுதியது:

திரவம் 80 பி.எஸ்.ஐ. (டயர் காத்தழுத்த அளவு) இருக்கும்போது ஒழுங்கா அடைக்காது. ஓட்டை வழியா பீச்சி அடிச்சு, காத்து 40–50க்கு இறங்கினதுக்கு அப்புறம்தான் அடையும். மறுபடி 80 ஏத்தினா திறந்துக்கும். 32க்கு மேல உள்ள டயர்ல, 60க்குக் கீழ ஓட்டுறவங்களுக்கு நல்லது. உங்க 28-க்கு கனமான டயர்தான். அதோட சேர்த்துத் திரவமும் விடணும்னா, டியூப் வால்வு உள்முள்ளு (வால்வுக்குள்ள இருக்கிற சின்னத் திருகுப் பகுதி) கழற்றுற மாதிரி இருக்கணும், 30 மி.லி. விடுங்க. ரப்பர் பால் ரகம் நம்ம சூட்டுல ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு கட்டியாயிரும், பார்த்துப் பார்த்து ஊத்தணும். காத்து அடிக்கும்போது வால்வு மேல் பக்கம் இருக்கட்டும், கீழே இருந்தா திரவம் ஏறி வால்வே அடைச்சுக்கும்.

உப்பளக்காற்று எழுதியது:

சார்ஜ் பம்ப் நல்ல சாமான்தான், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குட்டி ரகம் ஒரு சார்ஜில் 28 டயரை ஒன்றிரண்டு தடவைதான் 80-க்கு ஏற்றும். வெயிலில் பைக்குள் வெந்தால் பேட்டரி சீக்கிரம் போகும். அடிக்கும்போது தலைப்பகுதி நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக் வால்வு உள்ள மெல்லிய டி.பி.யூ. (ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக் ரகம்) டியூப் வைத்திருந்தால் வால்வு இளகிவிடும், ரப்பர் குழாய் நீட்டிப்பு போட்டு அடியுங்கள்.

பாட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் மாட்டுகிற கைப் பம்ப் ஒன்று, குழாய் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள். குழாய் இல்லாததை வேகமாக அடித்தால் பிரெஸ்டா வால்வின் மெல்லிய கம்பி வளைந்துவிடும். 80 வருவதற்கு 200 அடிக்கு மேல் ஆகும், 60 வந்ததும் நிறுத்தி மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். வீட்டில் மீட்டர் வைத்த தரைப் பம்ப் ஒன்று அவசியம். உங்கள் எடை 70 கிலோ அளவில் இருந்தால் முன் 75, பின் 80 வைத்து, வாரம் இரண்டு முறை பாருங்கள்.

பம்புக்குள்ளும் மணல் போகும். வாய்ப்பகுதி ரப்பர் மூடியோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டிவிடுங்கள்.