பழைய பாம் (Palm) கையடக்கக் கணினியை ரிமோட்டாக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1998-இல் வந்த பாம் III (Palm III) கையடக்கக் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போட்டால் இன்றும் உடனே விழித்துக்கொள்கிறது. அதன் தலைப்பக்கத்தில் உள்ள அகச்சிவப்புக் கண்ணை வைத்து டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி மூன்றுக்கும் ஒரே ரிமோட் செய்யப் பார்க்கிறேன். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. சின்னப் பொத்தான்களைத் தடவித் தடவித் தேடுகிறார். திரையில் நாலே நாலு பெரிய கட்டம் இருந்தால் விரலாலேயே அழுத்திவிடுவார்.

ஆம்னிரிமோட் செயலியைப் போட்டு, டிவி ரிமோட்டை நேருக்கு நேர் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்தில் போனால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. ஆனால் அம்மாவின் கட்டில் பத்தடி தள்ளி இருக்கிறது. இதில் உள்ள ஐஆர்டிஏ (IrDA) என்ற அகச்சிவப்புத் தொடர்பு முறையே ஒரு மீட்டர் அளவில் தகவல் மாற்ற வந்தது, அதனால் கருவியைக் குறை சொல்ல முடியாது.

வெளியே ஒரு டிரான்சிஸ்டரும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியும் சேர்த்து யாராவது தூரத்தைக் கூட்டியிருக்கிறீர்களா? இணைப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்? அப்புறம், ஏசி ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாவற்றையும் ஒரே நீளமான சமிக்ஞையாக அனுப்புகிறதே, அதை முழுசாகப் பதிய வைத்தவர்கள் உண்டா? ரிமோட் வசதியோடே வந்த சோனி கிளியே (Clié) கையடக்கக் கணினி யாரிடமாவது இருந்தால், எத்தனை அடி வரை எட்டுகிறது என்று அளந்து சொல்லுங்கள்.