ஏலமலையில் ஒரு பழைய ஜீப்பைத் தேற்றிய அனுபவம்

கையில் கொஞ்சம் பணம்தான், ஆனாலும் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப்பைத் தேற்றி ஓட்ட ஆசை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: பணம் முதலில் வண்டிக்கு அடியில் போகட்டும். பிரேக், ஸ்டியரிங், ஆக்சில், சேஸிஸ் என்கிற அடிச்சட்டம். பெயிண்டும் சீட்டும் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

எங்களுக்குக் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம், வீடு குமுளியில். தோட்டத்துப் பாதை ஜூன் மழை பிடித்துவிட்டால் சாதாரண வண்டிக்கு ஆகாது. உரம் மேலே ஏறவும், பறித்த காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு இறங்கவும் ஜீப்பை விட்டால் வழியில்லை. வாடகை ஜீப்புக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் சொந்தமாக ஒன்று தேட ஆரம்பித்தேன்.

நெடுங்கண்டம் பக்கம் முதலில் ஒரு வண்டி பார்த்தோம். பளபளவென்று இருந்தது, விலையும் படிந்துவிட்டது. ஆர்.சி.யை (பதிவுச் சான்று) வாங்கிப் பார்த்தால் எரிபொருள் பெட்ரோல் என்று இருக்கிறது, பானட்டைத் தூக்கினால் டீசல் எஞ்சின். மலையில் இப்படி எஞ்சின் மாற்றிய ஜீப் நிறைய உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவைப் புதுப்பிக்கப் போகிற அன்று வண்டி அங்கேயே நின்றுவிடும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கடைசியில் ஆனைக்கரை பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் கிடைத்தது, அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் உரிமத்தில் மஹிந்திரா கட்டிய சிஜே 3பி மாடல். முன்பக்கம் உயரமான பானட், 80 அங்குல வீல்பேஸ், ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே டீசல் டேங்க். உடம்பெல்லாம் துரு. ஆனால் டீசல் என்று ஆர்.சி.யில் ஏறியிருந்தது, சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்தால் தெளிவாக விழுந்தது. எனக்கு அது போதும். பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 15 வருடம் கடந்த ஜீப்புக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தார்கள். கேரளத்தில் பசுமை வரி தனி.

வாங்குவதற்கு முன் குமுளி மெக்கானிக் சேட்டன் ஒரு வேலை செய்தார். ஃபோர் வீல் ஜீப் வாங்குகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லிவிட்டு, அவர் கீழே படுத்து அந்தக் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், அதனால்தான் இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்று முடியக் கொஞ்சம் பாக்கி. முன்பக்கமும் அப்படியே செய்தால் ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. முன்னால் இருப்பது 43/8 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடி, எண்கள் இரண்டும் பற்களின் எண்ணிக்கை), பின்னால் யாரோ 39/8 மாற்றியிருக்கிறார்கள். டூ வீலில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அந்த வேக வித்தியாசத்தைச் சமாளிக்க இந்த ஜீப்பில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, அதனால் கியரில் ஏதாவது ஒரு பல் போகும். இதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம். பின் ஆக்சிலுக்கான 43/8 செட் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது.

அப்புறம் பிரேக். இந்த மாடலில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கிறது. மூடியைத் திறந்தபோது சேற்றுத்தண்ணீர் கலந்து ஃப்ளூயிட் டீ நிறத்தில் இருந்தது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ், பைப் எல்லாமே புதிதாகப் போட்டோம், ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. கம்பம்மெட்டு இறக்கத்தை நினைத்தால் அதில் சிக்கனம் பார்க்க மனசு வராது.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவே இல்லை. இதில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பின்னால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டோடு இருக்கிறது. அங்கே ஆயில் சீல் தேய்ந்து, கசிந்த ஆயிலில் லைனர் ஊறிக் கிடந்தது. லைனரை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்பவும் ஊறிவிடும், முதலில் சீலை மாற்ற வேண்டும். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு, முன் சக்கரம் திரும்புகிற கிங்பின்னின் பேரிங்கை மாற்றி, ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கினார்கள். டை ராடு எண்டுகளும் புதிது.

வேலை நடக்கும்போது ஒரு பெரியவர் ஷெட்டுக்கு வந்தார். கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ட்ரிப் ஜீப் ஓட்டியவர். இறங்கி அடியில் பார்த்துவிட்டு, "தம்பி, கியர்பாக்ஸுல ஆயில் குறைஞ்சா தரையில சிந்தியிருக்கான்னு தேடாதீங்க, பக்கத்து வீட்டுலதான் இருக்கும்" என்றார். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் இருக்கிற சீல் தேய்ந்தால் இந்தப் பக்கத்து ஆயில் அந்தப் பக்கம் போய்விடும். பார்த்தால் அவர் சொன்னபடியேதான், ஒரு பக்கம் காய்ந்து கிடக்கிறது, மறுபக்கம் பிளக்கைக் கழற்றினதும் வழிகிறது. புத்தகத்தில் தேடினால் எனக்கு எத்தனை நாள் ஆகியிருக்குமோ. இவர்களைப் போன்ற டிரைவர்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒருவரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

"ஐயா, இறக்கத்துல எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டேன். "ஏறுன கியருலயே இறங்கணும், கிளட்ச்சுல கால வைக்கக் கூடாது" என்றார்.

பாடி வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டை விழுந்த தரையை வெட்டி எடுத்துத் தகடு வைத்துப் பற்றவைத்து ரெட் ஆக்சைடு அடித்தோம். சேஸிஸ் எண் இருக்கிற இடத்தில் மட்டும் கிரைண்டர் படவே கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். சீட் கம்பத்தில் ரெக்சின் கடையில் தைத்தது. வண்டி விலை போக, கீழ் வேலைக்கே 80 ஆயிரம் போல ஆகிவிட்டது. பாடிக்கு அதில் கால்வாசிகூட ஆகவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுகிற நிலை) இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் பிடிப்பு போய்விடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்டர்மீடியட் ஷாஃப்டும் ஊசி பேரிங்கும் தேய்ந்திருக்கும் என்கிறார் சேட்டன். அடுத்த பறிப்புக் காசில் அதைப் பிரிக்கப் போகிறோம். அதுவரை லோடு ஏற்றிக்கொண்டு செங்குத்து இறக்கத்தில் இந்த ஜீப்பை இறக்குவதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.